சராசரியும் நீதியும்: பல்கலைக்கழக அனுமதியும் வன்னி மாணவரும்

ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடசாலைகள் தோன்றிய ஆண்டுகளையும், அவற்றைத் தாபித்த பெரியோரையும், ஆட்சியாளர் இயற்றிய சட்டங்களையும் முறைப்படுத்திக் கூறி அமைவர். எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு மாணவன் பெற்ற புள்ளி எத்தனை என்பதோடு, அவன் யாரோடு சேர்த்து எண்ணப்பட்டான் என்பதும் அவன் வாழ்வின் போக்கைத் தீர்மானித்த காலங்கள் இலங்கையில் இருந்தன. அவற்றின் விளைவை ஆழமாக உணர்ந்த நிலப்பரப்புகளுள் வன்னி ஒன்றாகும்.

ஆனையிறவுக்குத் தெற்கே காடும் குளமும் வயலுமாக விரிந்து கிடக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகள் இன்று மூன்று மாவட்டங்கள். பல்கலைக்கழக அனுமதி பற்றிய பெரும் வாதம் எழுந்த 1970களின் தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. அன்று முல்லைத்தீவுப் பகுதியின் பெரும்பங்கு வவுனியா மாவட்டத்துள் அடங்கியிருந்தது. கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. நிருவாக வரலாற்றில் இவை சிறு செய்திகள்; ஆயினும் பல்கலைக்கழக வாயிலில் நின்ற மாணவனுக்கு அவை எத்துணைப் பெரியவை என்பது பின்னர்ப் புலப்படும்.

சராசரியின் இயல்பு

இரு குழுவினரின் சராசரிகளை ஒப்பிடுவது எளிய செயல்போலத் தோன்றும். ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளி 52, மற்றொன்றினது 47 எனின், முதல் வகுப்பே சிறந்ததென்று உடனே கூறிவிடுவோர் பலர். புள்ளிவிபரவியலார் அவ்வாறு விரைந்து முடிவு கூறார். அவர் முதற்கண் இரண்டு வினாக்களை எழுப்புவர். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் உளர்? அவர்களுடைய புள்ளிகள் சராசரியைச் சூழ எவ்வளவு பரந்து கிடக்கின்றன? இப்பரம்பலை அளக்கும் கோலே நியம விலகல் எனப்படும்.

விளக்கத்தின்பொருட்டு, இரு வகுப்புகளிலும் நியம விலகல் 15 எனவும், ஒவ்வொன்றிலும் 25 மாணவர் உளரெனவும் கொள்க. அப்போது இரு சராசரிகளின் வேறுபாட்டிற்குரிய நியம வழு ஏறக்குறைய 4.2 ஆகும். காணப்பட்ட வேறுபாடு 5. அஃது அவ்வழுவின் 1.2 மடங்கே ஆதலின், வெறுந் தற்செயலாலும் இத்தகைய வேறுபாடு எளிதில் தோன்றக்கூடும். ஒவ்வொரு குழுவிலும் 400 மாணவர் இருப்பின், அதே நியம விலகலோடு வழு 1.06 ஆகச் சுருங்கிவிடும். அதே 5 புள்ளி வேறுபாடு இப்பொழுது வழுவின் 4.7 மடங்கு, தற்செயலென்று அதனைத் தள்ளிவிடுதல் இயலாது. இரு மடங்கை ஒட்டிய எல்லையைக் கடந்தால் வேறுபாட்டைப் பொருளுடையதெனக் கொள்வது பெருவழக்கு. தற்செயலால் அவ்வாறு நிகழ்தற்கு இருபதில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டென்பது அதன் கருத்து.

இச்சோதனை முறைக்கு அடித்தளமிட்டவர் டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய வில்லியம் கொசெற் என்பவர். வாற்கோதுமை முதலியவற்றைக் கொண்டு செய்யப்படும் சோதனைகளில் மாதிரிகள் சிறியனவாகவே கிடைத்தன. அச்சிறு மாதிரிகளிலிருந்து எவ்வளவு துணிந்து முடிவு கூறலாம் என்னும் வினாவுக்கு விடையாக 1908 இல் ‘மாணவன்’ என்னும் பொருள்படும் புனைபெயரில் அவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். இங்கிலாந்தின் உரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய றொனால்ட் பிஷர் அம்முறையை விரித்து, இரண்டிற்கு மேற்பட்ட குழுக்களையும் ஒருங்கே ஒப்பிடும் வழியைக் கண்டார். குழுக்களுக்கு இடையே உள்ள மாறலையும், குழுக்களுக்குள்ளே உள்ள மாறலையும் பிரித்து, ஒன்றை மற்றொன்றால் அளந்து பார்ப்பதே அவ்வழியின் சாரம். 1925 இல் வெளிவந்த அவருடைய நூல் அறிவியல் உலகம் முழுவதும் இம்முறையைப் பரப்பியது.

இச்சோதனை கூறுவது ஒன்று, கூறாதது ஒன்று. வேறுபாடு தற்செயலானதா அன்றா என்பதை அது கூறும். அவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதை அது கூறாது. வயலில் ஒரு பாத்திக்கு உரமிட்டு மற்றதற்கு இடாமல் விட்டு, எப்பாத்திக்கு உரமிடுவதென்பதைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தால், விளைச்சலின் வேறுபாட்டை உரத்தின்மேல் ஏற்றிக் கூறலாம். மனிதர் அவ்வாறு சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவரல்லர். மொழியாலும் ஊராலும் வறுமையாலும் பிரிந்து நிற்கும் குழுக்களின் சராசரிகள் வேறுபடும்போது காரணத்தை வேறிடத்திலேயே தேடல் வேண்டும்.

மொழிவழிக் குழு

இலங்கையில் அத்தேடல் நிகழாமலே முடிவு எடுக்கப்பட்டது. 1960களில் விஞ்ஞானத் துறைகளுக்குத் தெரிவானோருள் தமிழ் மாணவரின் தொகை, குடித்தொகையில் தமிழர் பெற்றிருந்த விகிதத்திலும் மிகக் கூடுதலாக இருந்தது. பொறியியற் பீடத்திற்கு 1969 ஆம் ஆண்டளவில் அனுமதி பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேர் தமிழர். தமிழ்ப் பரீட்சகர் தம்மொழி மாணவர்க்குப் புள்ளிகளை வரையாது வழங்கினர் என்றொரு பேச்சு அந்நாளில் எழுந்தது. அதற்குச் சான்று காட்டப்படவில்லை. ஆயினும் 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மொழிமூலத்திற்கேற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன. மருத்துவத்திற்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளி பெறல் வேண்டும். சிங்களமொழிமூல மாணவர்க்கு 229 போதும். பேராதனைப் பொறியியற் பீடத்திற்கு முறையே 250 உம் 227 உம் வேண்டப்பட்டன.

இவ்வெளிப்படையான வேறுபாடு கடுங் கண்டனத்துக்குள்ளானது. 1973 இல் அதற்குப் பதிலாகத் ‘தரப்படுத்தல்’ என்னும் முறை வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளும் ஒரு பொது அளவுத்திட்டத்திற்கு மாற்றப்பட்டன. அம்மொழிமூலத்தில் எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினரோ, அதற்கேற்ற விகிதத்திலேயே அவருட் தகுதி பெறுவோரும் அமையும்படி அது வகுக்கப்பட்டது. வரலாற்றறிஞர் சீ. ஆர். டி சில்வா அக்காலத்திலேயே இம்முறைகளை ஆராய்ந்து எழுதியுள்ளார்.

இதன் கணிதப் பொருள் யாது? இரு மொழிமூலத்தாரின் உண்மைத் திறமையும் சராசரியில் ஒன்றே. காணப்பட்ட வேறுபாடு புள்ளியிடுதலாலோ வினாத்தாளாலோ நேர்ந்தது என்பதே அதன் எடுகோள். எடுகோளை எடுகோளாகவே வைத்துச் சோதித்துப் பார்த்தல் அறிவியல். சோதியாது அதனைச் சட்டமாக்குதல் வேறு. பல்லாயிரவர் தோற்றும் பரீட்சையில் சிறு வேறுபாடும் பொருளுடையதாகவே தோன்றுமாதலின், ‘வேறுபாடு உண்டு’ என்று காட்டுவதால் மட்டும் ஒன்றும் நிறுவப்படுவதில்லை. விஞ்ஞான ஆசிரியர், ஆய்வுகூடம், நெடுநாட் கல்வி மரபு என்பன எங்கெங்கு இருந்தன என்று ஆராய்ந்திருந்தால், மொழியினும் இடமே பெரிய காரணமென்பது புலப்பட்டிருக்கும். 1969 இல் விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றோருள் நூற்றுக்கு 67 பேர் மேல் மாகாணத்தார், நூற்றுக்கு 27.5 பேர் வட மாகாணத்தார். நாட்டின் ஏனைய ஏழு மாகாணங்களும் எஞ்சிய மிகச் சிறு பங்கையே பெற்றன. மொனராகலைச் சிங்கள மாணவனும் மட்டக்களப்புத் தமிழ் மாணவனும் இவ்வகையில் ஒரே படகில் இருந்தனர்.

வன்னி மாணவனின் நிலையோ இன்னும் நுட்பமானது. ‘வட மாகாணம்’ என்னும் தொகையுள் அவன் மறைந்திருந்தான். ‘தமிழ்மொழிமூலம்’ என்னும் தொகையுள் மீண்டும் மறைந்தான். யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரிகளின் மாணவர் பெற்ற உயர்ந்த புள்ளிகளே தமிழ்மொழிமூலத்தின் சராசரியை உயர்த்தின. அவ்வுயர்வில் அவனுக்குப் பங்கில்லை. அவ்வுயர்வுக்குரிய தண்டம் அவனையும் சார்ந்தது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மொழிமூலத்தின் சராசரி 45 எனவும், மற்றதன் சராசரி 39 எனவும், இரண்டிற்கும் நியம விலகல் 12 எனவும் வைத்துக்கொள்க. முதற் குழுவைச் சேர்ந்தவனும், ஆய்வுகூடமில்லாத வன்னிப் பாடசாலையிற் பயின்றவனுமாகிய ஒருவன் 48 பெறுகின்றான். அவன் தன் குழுவின் சராசரிக்கு மேலே கால் நியம விலகல் தூரத்தில் நிற்கின்றான். மற்றக் குழுவைச் சேர்ந்தவனும், தலைநகரின் வசதி மிக்க கல்லூரியிற் பயின்றவனுமாகிய ஒருவன் 45 பெறுகின்றான். அவனோ தன் குழுவின் சராசரிக்கு மேலே அரை நியம விலகல் தூரத்தில் நிற்பான். பொது அளவுத்திட்டத்தில் 45 பெற்றவன் முன்னும் 48 பெற்றவன் பின்னுமாக வைக்கப்படுவர். பின்தங்கியோரை உயர்த்துதற்கென்று கூறப்பட்ட முறை, பின்தங்கிய ஒருவனை மேலும் பின்தள்ளிவிட்டது. குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே நோக்கி, குழுவுக்குள்ளே உள்ள வேறுபாட்டைக் காணாது விட்டதன் பயன் இது. பிஷர் இரண்டையும் பிரித்துக் காட்டி அப்பொழுது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

மாவட்டவழிக் குழு

1974 இல் மாவட்டப் பங்கீடு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திற்கும் அதன் குடித்தொகைக்கேற்ப இடங்கள் ஒதுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தாருக்கு இது பேரிடியாயிற்று. 1969 இல் 27.5 ஆக இருந்த வட மாகாணத்தின் நூற்றுவீதம் 1974 இல் 7 ஆக வீழ்ந்தது. மேல் மாகாணத்தினது 67 இலிருந்து 27 ஆயிற்று. பொறியியலில் தமிழ் மாணவரின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய 16 ஆகச் சுருங்கியது. இரவு பகலாகப் படித்து உயர்ந்த புள்ளி பெற்றும் வாயில் அடைபட்ட இளைஞரின் மனக்கொதிப்பு அதன்பின் வந்த அரசியல் வரலாற்றிற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலர்க்கும் உடன்பாடு.

ஆயினும் வவுனியா மாவட்டத்தின் கண்கொண்டு நோக்கின் இவ்வரலாற்றுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையின் ஒரு கோடியே 27 இலட்சம் மக்களுள் அம்மாவட்டத்தார் ஓர் இலட்சத்திற்குச் சற்றுக் குறைந்தவர். குடித்தொகைப் பங்கீட்டின்படி ஆயிரம் இடங்களுள் ஏழெட்டு இடங்களே அதற்கு உரியன. தொகை சிறிது, ஆனால் முன்னர் அவ்வாறு உறுதியான இடம் ஒன்றேனும் இருந்ததில்லை. மொழிவழிக் குழுவினுள் மறைந்திருந்த வன்னி, மாவட்டவழிக் குழுவில் முதன்முதலாகத் தன் பெயரோடு எண்ணப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அநீதியாகக் கருதப்பட்ட ஒன்று வவுனியாவில் வாய்ப்பாகவும் அமைந்தது. இரண்டும் உண்மையே. ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

அவ்வாய்ப்பும் வன்னி முழுவதற்கும் கிட்டவில்லை. கிளிநொச்சி அன்று யாழ்ப்பாண மாவட்டத்துள் இருந்தமையால், இரணைமடுக் குளத்து நீரால் வயல் செய்த குடியேற்றக்காரரின் பிள்ளை, யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரி மாணவனோடு அதே பங்கிற்குப் போட்டியிட வேண்டியவனானான். வவுனியாவின் பிள்ளையும் அவனும் ஒத்த வறுமையும் ஒத்த பாடசாலையும் உடையவரே. இருவரையும் பிரித்தது ஒரு நிருவாக எல்லைக்கோடு மட்டுமே. 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது, ஒரு புள்ளியும் கூடாமலே அதன் மாணவரின் நிலை மாறியது. குழுவை வகுக்கும் கோடு எங்கே இடப்படுகின்றதோ அங்கேயே சராசரியின் நீதியும் தொடங்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பங்கீட்டின் மற்றொரு விளைவும் விரைவில் வெளிப்பட்டது. போட்டி மிகுந்த மாவட்டத்து மாணவர் சிலர், வெட்டுப்புள்ளி குறைந்த வன்னி மாவட்டங்களின் பாடசாலைகளிற் பெயர் பதிந்து பரீட்சைக்குத் தோற்றினர். வன்னிக்கென வந்த இடம் வன்னிக்குப் புறம்பே சென்றது. இதனைத் தடுத்தற்பொருட்டு, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மாணவர் பயின்ற பாடசாலையைக் கொண்டே அவருக்குரிய மாவட்டத்தைத் துணியும் விதி இன்று நடைமுறையில் உளது.

பின்னர் விகிதங்கள் பலமுறை மாறின. 1976 இல் நூற்றுக்கு 70 இடங்கள் புள்ளியடிப்படையிலும் 30 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்பட்டன. 1979 இல் திறமைக்கு 30, மாவட்டத்திற்கு 55, கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 எனப் பங்கு வகுக்கப்பட்டது. இந்நாளில் அது முறையே 40, 55, 5 என அமைந்துள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் உள்ளன.

இசட் புள்ளியும் நீதிமன்றத் தீர்ப்பும்

2001 இல் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் வகுத்த இசட் புள்ளி முறை அனுமதிக்கு அடிப்படையாயிற்று. மாணவன் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்தால் வருவதே இசட் புள்ளி. கடினமான வினாத்தாளையுடைய பாடத்தை எடுத்தவன் அதனால் இழப்படையாதிருத்தலே இதன் நோக்கம். 1973 ஆம் ஆண்டு முறைக்கும் இதற்கும் கணித உறவு உண்டு. ஆனால் குழு வேறு. அன்று மொழியால் வகுத்தனர்; இன்று பாடத்தால் வகுக்கின்றனர். ஒரே பாடத்தில் எல்லா மொழிமூலத்தாரும் ஒரே குழுவாக எண்ணப்படுதலின், பழைய மனக்குறை இதில் எழ இடமில்லை.

எனினும் குழு எதுவென்னும் வினா ஓய்ந்துவிடவில்லை. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் புதிய பாடத்திட்டத்தார் ஒருபாலும் பழைய பாடத்திட்டத்தார் ஒருபாலுமாகத் தோற்றினர். அவர் விடையளித்த வினாத்தாள்கள் வேறு வேறு. இருந்தும் இரு திறத்தாரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. மாணவர் நீதிமன்றை நாடினர். 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, இரு திறத்தாரையும் இரு வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. ‘இவ்விரு குழுவினரும் ஒரே குடித்தொகையைச் சேர்ந்தவரா?’ என்பது கொசெற்றும் பிஷரும் எழுப்பிய வினா. அவ்வினா நாட்டின் அதியுயர் நீதிமன்றில் ஒலித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் எதிர்பார்ப்பைத் தாங்கி நின்றது.

சிறு பாடசாலைகளின் சராசரி

வன்னியின் ஆசிரியர்க்கும் அதிபர்க்கும் இவ்வரலாற்றிலிருந்து எழும் பாடம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பெறுபேறுகள் வெளிவந்ததும் பாடசாலைகளும் வலயங்களும் மாவட்டங்களும் சராசரியாலும் சித்தி வீதத்தாலும் வரிசைப்படுத்தப்படுகின்றன. மேலே நிற்பது புகழப்படும். கீழே நிற்பது பழிக்கப்படும். ஒன்பது மாணவர் தோற்றிய ஒரு காட்டோரப் பாடசாலையின் சராசரிக்குரிய நியம வழு, நியம விலகல் 15 ஆயின், 5 புள்ளி ஆகும். 225 மாணவர் தோற்றிய நகரப் பாடசாலையினதோ 1 புள்ளியே. ஆகவே சிறு பாடசாலை ஓராண்டு முன்வரிசையிலும் மறு ஆண்டு கடைவரிசையிலும் நின்றால், அதில் வியப்பில்லை. ஆசிரியர் ஓராண்டு உழைத்து மறு ஆண்டு உறங்கினர் என்பதும் அதன் பொருளன்று. சிறியவற்றின் சராசரி இயல்பாகவே அலையும். இதனை அறியாது புகழ்தலும் பழித்தலும் ஒப்பத் தவறே.

மாவட்டம் என்னும் குழுவும் முடிந்த முடிபன்று. வவுனியா நகரத்துப் பாடசாலைக்கும் அதே மாவட்டத்தின் வடக்கே உள்ள சிற்றூர்ப் பாடசாலைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. கிளிநொச்சி நகரத்துப் பிள்ளையும் பூநகரிப் பிள்ளையும் ஒரே பங்கிற்குப் போட்டியிடுகின்றனர். முன்னாளில் யாழ்ப்பாணத்தின் சராசரியுள் வன்னி மறைந்ததுபோல, இந்நாளில் நகரங்களின் சராசரியுள் வன்னியின் உட்கிராமங்கள் மறைந்து கிடக்கக்கூடும். அங்குள்ள பிள்ளைகளுட் பலர் 1977 இற்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள். 2009 இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்தனர். செட்டிகுளத்து முகாம்களிலிருந்தே மாணவர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். அவ்வாண்டின் சராசரியை வேறோராண்டின் சராசரியோடு வைத்து ஒப்பிடுவோன், எண்ணின் பின்னால் நிற்கும் மனிதரை ஒருகணம் நினைத்தல் வேண்டும்.

இந்நெடிய வரலாற்றின் முடிவில் ஆறுதல் தருவனவும் சில உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சியில் அறிவியல் நகரில் இயங்குகின்றன. 1997 இலிருந்து அப்பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் மாதத்தில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஏழெட்டு இடங்களுக்காக ஏங்கிய நிலம் இன்று தானே பல்கலைக்கழகத்திற்கு இடமாகி நிற்கின்றது.

சராசரி ஒரு கருவி. இருவேறு குழுக்களின் நிலையை அது சுருக்கிக் காட்டும். அவற்றின் வேறுபாடு தற்செயலானதா என்று சோதிக்கவும் இடந்தரும். ஆனால் குழுவை வகுப்பது மனிதன். காரணத்தைத் தேடுவதும் மனிதனின் கடன். தேடாது வகுத்தமையால் ஒரு தலைமுறை இழந்தது பெரிது. எண்களைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்விழப்பின் வரலாற்றையும் உடன் கற்பிப்பாராயின், நாளை எல்லைக்கோடு வரையப்போகும் கைகள் சற்றே தயங்கி, அக்கோட்டின் இருபுறமும் யார் நிற்கின்றனர் என்று பார்த்து வரையும்.